தேதி இல்லாத சாட்சி

கொட்டிவாக்கம்,
12 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். அம்மாவின் மூட்டுவலி, பால் விலை, பக்கத்து மனையில் விடிவதற்குள் ஆரம்பிக்கும் கட்டட வேலை எல்லாம் கர்த்தருடைய கிருபையால் குறைவில்லாமல் நடக்கின்றன. நீங்களும் யாபேஸ் அண்ணனும் உங்கள் மிஷன் விடுதிப் பிள்ளைகளும் சுகமா? உங்கள் மலைக்கு டவர் வரும், வரும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். வராததும் நல்லதுதான். இதைப் போனில் சொல்லியிருந்தால் பாதியில் அழுதிருப்பேன். காகிதத்தில் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது?

கிதியோன் விஷயம் உங்களுக்குத் தெரியும். தரமணியில் வேலை, அதிகம் பேசமாட்டார், பேசினால் சிரிக்க வைத்துவிடுவார். இரண்டு வீட்டுக்கும் பிடித்துவிட்டது. எனக்கு அதற்கு முன்பே பிடித்துவிட்டது. ஆனால் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் பெண் தங்கள் மூப்பர் எதிரில் தான் ரட்சிக்கப்பட்ட கதையைச் சாட்சியாகச் சொல்லவேண்டும் என்பது அவர்கள் சபை வழக்கம். தி.நகரில் ஒரு துணிக்கடைக்குப் பின்னால் மாடியில் கூடுகிறார்கள். போன ஞாயிறு போனோம்.

மூப்பர் சற்குணம் ஐயா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர். "எந்த நாள்லம்மா ரட்சிக்கப்பட்டே?" என்று கேட்டார்.

அங்கே எல்லோரிடமும் ஒரு தேதி இருக்கிறது அண்ணி. கிதியோன் தன் தேதியை வேதத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். வருடாவருடம் அன்றைக்கு அவருடைய அம்மா பாயசம் வைப்பாராம். எனக்கு எந்த நாள்? நான் தொட்டிலிலேயே துதிப்பாட்டு கேட்டவள். விடுமுறை வேதாகமப் பள்ளியில் "இயேசுவை ஏத்துக்கறவங்க கை தூக்குங்க" என்று கேட்ட ஒவ்வொரு மே மாதமும் கை தூக்கினேன். போன வருடம் தூக்கியது செல்லுமோ செல்லாதோ என்ற பயம்தான். பதினாறு வயதில் ஞானஸ்நானம், அதுவும் உங்களுக்குத் தெரியும். பாஸ்டர் முழுக்குவதற்குள் அலையே வந்து இருவரையும் முழுக்கிவிட்டது. கரையில் துண்டோடு நின்று சிரித்தது, அப்போது இன்னும் அண்ணியாகாத நீங்கள்தான்.

"தெரியாது ஐயா" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரி, இன்னைக்கு ராத்திரி உன் உயிர் போனா எங்கே இருப்பே?" என்று கேட்டார்.

"பரலோகத்துல இருப்பேன்னு நினைக்கிறேன் ஐயா."

"நினைக்கிறியா?"

அவ்வளவுதான் கேட்டார். அவசரமில்லை, ஜெபம் பண்ணு, தெரிந்த பிறகு வா என்று அனுப்பிவிட்டார். ஆட்டோவில் அம்மா வழி முழுக்கத் திட்டினாள். ஏதோ ஒரு மே மாதத் தேதியைச் சொல்லித் தொலைத்தால் என்ன, யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்றாள். ரட்சிக்கப்பட்டேன் என்று நிரூபிக்கப் பொய் சொல்வதா? சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

உண்மையில் தேதிக் கேள்வி என்னைச் சுடவில்லை. சுட்டது இரண்டாவது கேள்வி. அவர் கேட்டது நியாயம். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

உங்களுக்குத் தேதி இருக்கிறது. கோட்டூர்புரம் ஆற்றோரக் குடிசையில் பிறந்து, மயிலாப்பூரில் ஏதோ வேலையாகப் போனபோது ஒரு கூட்டத்துப் பாட்டைக் கேட்டு உள்ளே நுழைந்து, அழுது, எழுந்து நீங்களே பாட ஆரம்பித்த கதையைச் சொன்னால் சபையே அசையாமல் கேட்கும். அன்று எப்படி இருந்தது அண்ணி? எப்படித் தெரிந்தது? கூச்சப்படாமல் எழுதுங்கள்.

கர்த்தருக்குள் என்று போடலாமா என்று யோசிக்கும் உங்கள்,
எப்சிபா


மலை விடுதி, ஒடிசா,
1 ஜூலை 2024

என் செல்ல எப்சிக்கு,

கர்த்தருக்குள் என்றே போடு, அதற்கு யாரும் வாடகை கேட்கமாட்டார்கள். இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணன் மட்டும் கீரைப் பாத்தியை ஆடு மேய்ந்ததில் மனம் உடைந்து இருக்கிறார். சனிக்கிழமை ரேஷன் வாங்க ஜீப் கீழே போகிறது, அதில் இந்தக் கடிதமும் போகும்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். "இன்னாத்துக்குடி இவ்ளோ யோசிக்கிற" என்று என் அம்மா குரலிலேயே உன்னைக் கேட்கத் தோன்றியது. எப்படித் தெரிந்தது என்றால் என்ன சொல்வது? பசி எடுத்தால் பசி என்று தெரியாதா? அதுபோல் தெரிந்தது. நடந்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பாடிக்கொண்டே போனேன். வாசலில் அம்மா, "இன்னாடி, கூத்து பாத்துட்டு வர்றியா?" என்றாள்.

உனக்கு ஒரே மருந்து, பாடு. சந்தேகம் வந்தால் பாடு, பயம் வந்தால் பாடு. அன்று முதல் நான் பாடாத நாள் கிடையாது. என் பாட்டு நின்றால் நான் செத்துவிட்டேன் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்று உன் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கிதியோன் எங்கும் போகமாட்டார். போனால் அவருக்குத்தான் நஷ்டம்.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி வைத்திருக்கிறேன். இப்போது சொல்லமாட்டேன், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். அத்தையிடம் ஒன்றும் உளறாதே.

உன் வாலை நறுக்கக் காத்திருக்கும் அண்ணி,
செண்பகம்


கொட்டிவாக்கம்,
14 ஜூலை 2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். நலம், நீங்கள் இரட்டிப்பு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சந்தோஷச் செய்தியை நான் ஊகித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வாயைத் தைத்துக்கொண்டேன், அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

நீங்கள் சொன்னபடி பாடிப் பார்த்தேன். என் குரல் தெரிந்ததுதானே, பக்கத்துக் கட்டடத்துக் கொத்தனார் எட்டிப் பார்த்தார். பாடும் வரை நன்றாக இருக்கிறது. நிறுத்தியதும் அதே கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்களுக்குத் தெரிந்ததுபோல எனக்குத் தெரியவில்லையே என்று ஒரு பொறாமைகூட வருகிறது.

அடையாறு கிளினிக்கில் பிசியோதெரபி வேலை முடிந்ததும் மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்குப் போகிறேன். ராமானுஜம் மாமா, கணக்கு வாத்தியாராக இருந்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து இப்போது மெல்லத் திரும்புகிறது. கால் தயார், மனசு தயாரில்லை. வாக்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரடி எடுத்து வைக்கமாட்டேன் என்கிறார். நான் பின்னால் நின்று அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்திருக்கிறேன். "பிடிச்சுண்டிருக்கியா? விட்டுடாதேம்மா" என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்கிறார். பிடித்திருக்கிறேன் மாமா என்று சொன்னால் அந்த நிமிஷத்துக்கு மட்டும் நம்புகிறார். அவரைப் பார்த்தால் எனக்கு என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது, அதனால் அவர்மேல் எரிச்சலாகவும் வருகிறது.

கிதியோன் நேற்று கிளினிக் வாசலில் வந்து நின்றார். தான் காத்திருப்பதாகச் சொன்னார். ஆனால் டிசம்பரில் அவருடைய அக்கா வெளிநாட்டிலிருந்து வருகிறாளாம். அதற்குள் நான் சாட்சி சொல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கலாம் என்று அவருடைய அம்மா சொல்லிவிட்டாராம். சாட்சி சொல்லத் தெரியாத மருமகளை எந்த முகத்தோடு சபைக்கு அழைத்துப்போவது என்கிறார். அதையும் மறைக்காமல் கிதியோன் என்னிடமே சொன்னார் பாருங்கள், அதனால்தான் இவரை விட மனமில்லை.

பாட்டைத் தவிர வேறு மருந்து இருந்தால் எழுதுங்கள்.

உங்கள்,
எப்சிபா


கொட்டிவாக்கம்,
22 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் வரவே இல்லை. மழையில் ஜீப் இறங்கவில்லை போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லி வைத்தேன்.

அண்ணன் நேற்று டவுனிலிருந்து போன் செய்தான். உங்களைக் கேட்டால், அவளுக்குத் தொண்டை சரியில்லை, இப்போதெல்லாம் பாடுவதில்லை என்றான். எவ்வளவு நாளாக என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. அவன் குரலும் ஒரு மாதிரிதான் இருந்தது. மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தையும் அதிமதுரமும் பனங்கற்கண்டும் வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சித்தரத்தையைத் தட்டிக் கஷாயம் வைத்துக் குடியுங்கள். இந்தச் சமயத்தில் நீங்கள் குடிக்கலாமா என்று மட்டும் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

கவலையுடன்,
எப்சிபா


மலை விடுதி, ஒடிசா,
10 செப்டம்பர் 2024

அன்புள்ள எப்சிபாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துதல். நாங்கள் நலம். நீயும் அத்தையும் நலமாக இருக்க ஜெபிக்கிறோம். நீ அனுப்பிய பொட்டலம் கிடைத்தது. நன்றி.

இங்கே இந்த வருடம் மழை அதிகம். ஓடையின் மேல் இருந்த பாலம் உடைந்துவிட்டது. பரங்கிக்காய் நிறையக் காய்த்திருக்கிறது, பிள்ளைகள் தினமும் அதையே தின்று சலித்துப்போனார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும்.

தொண்டை இன்னும் சரியாகவில்லை. உன் கேள்விக்கு உன் அண்ணன் பதில் எழுதுவார், அவர் வேதம் படித்தவர். எனக்கு அதிகம் எழுத வராது.

எனக்காக ஜெபி.

இப்படிக்கு,
செண்பகம்


கொட்டிவாக்கம்,
28 செப்டம்பர் 2024

அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. உங்கள் கையெழுத்தில் யாரோ எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். பரங்கிக்காயும் சுண்ணாம்பும் எழுதத் தெரிந்தவருக்கு "எனக்கு எழுத வராது" என்று சொல்ல வெட்கமாக இல்லையா? பத்து வருடமாக என்னை எப்சிபா என்று முழுப் பெயர் சொல்லி நீங்கள் அழைத்ததில்லை. அந்தச் சந்தோஷச் செய்தி என்ன ஆயிற்று? நான் கேட்கக்கூடாதா?

இருங்கள், கோபத்தை ஓரமாக வைக்கிறேன். நான் செய்த கூத்தைச் சொன்னாலாவது சிரிப்பீர்கள். போன வெள்ளி ஆழ்வார்பேட்டையில் ஒரு எழுப்புதல் கூட்டத்துக்குப் போனேன். கடைசியில் வழக்கம்போல எல்லோரும் கண்ணை மூடச் சொன்னார்கள். ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். தூக்கிவிட்டேன் அண்ணி. இருபத்தொன்பது வயதில் மறுபடியும். உடனே ஆலோசனை சொல்ல ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தால் நம் சபை தமிழ்நிலா. நான் ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்லிக்கொடுத்த பிள்ளை. "டீச்சர், நீங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பாவம், கடமை தவறாமல் எனக்கு ரட்சிப்பின் வழியை முதலிலிருந்து விளக்கினாள். ஒரு இடத்தில் திக்கினாள், நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டில் அம்மா அல்லேலூயா என்றாள். இப்போது பொய் இல்லாமலே தேதி கிடைத்துவிட்டதாம், ஞாயிறே ஐயாவிடம் போய்ச் சொல்லலாமாம். எனக்கும் ஆசைதான். ஆனால் அன்று பஸ்ஸில் திருவான்மியூர் வருவதற்குள்ளேயே, சரியாகத் தூக்கினேனா, முழு மனதோடு தூக்கினேனா என்று ஆரம்பித்துவிட்டேன். தேதி கையில் இருக்கிறது, நிச்சயம் இல்லை. ஐயா எதிரில் போய் நின்றால் மறுபடி "நினைக்கிறேன்" என்றுதான் வரும்.

டிசம்பர் வந்துகொண்டிருக்கிறது. அண்ணனுடைய வேதப் பாடம் எனக்கு வேண்டாம். நீங்கள் எழுதுங்கள். சிரிக்க வேண்டாம், உபதேசம் வேண்டாம். என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள்,
எப்சி


மலை விடுதி, ஒடிசா,
20 அக்டோபர் 2024

எப்சி,

நீ ஊகித்தது சரி. அப்போது ஐந்தாவது மாதம். பத்து வருடம் கழித்து. ஊர் முழுக்கச் சொல்ல வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அதனால்தான் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று எழுதினேன்.

ஜூலை கடைசியில் நல்ல மழை. வலி வந்ததும் ஜீப்பில் ஏற்றினார்கள். பாலம் வரை போனோம், பாலம் இல்லை. பெண் குழந்தை. உன் அண்ணன் விடுதிக்குப் பின்னால் பலா மரத்தடியில் மண்ணில் வைத்தார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவரிடம் நான்தான் சத்தியம் வாங்கினேன், அவரைத் திட்டாதே.

சில நாள் கழித்து மாலை ஜெபத்துக்குப் போய் உட்கார்ந்தேன். நான் பாட்டு எடுத்துக் கொடுப்பேன் என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தேன், வரவில்லை. அன்றிலிருந்து வரவில்லை. தொண்டைக்கு ஒன்றுமில்லை எப்சி. உன் பொட்டலம் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

மண்டியிட்டால் கோபம்தான் வருகிறது. என் அம்மாவிடமும் சொல்லவில்லை. குடிசைக்குப் பதில் கொடுத்த பெரும்பாக்கத்து ஏழாவது மாடியில் தனியாக உட்கார்ந்துகொண்டு, "இன்னா சாமிடி அது?" என்று கேட்பாள். நான் என்ன பதில் சொல்வது?

பாடு, பாடு என்று உனக்கு எழுதியதை நினைத்தால் கூசுகிறது. தேதி எனக்கு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அன்றைக்கு அவரிடம் வந்தவள் இன்றைக்கு அவரோடு பேசுவதுகூட இல்லை. உன் மூப்பர் ஐயா என்னைக் கேட்டால் உன்னைப்போல "நினைக்கிறேன்" என்றுகூட என்னால் சொல்ல முடியாது. என்னிடம் போய் நிச்சயம் கேட்டாயே.

கேட்டாய், எழுதிவிட்டேன்.

செண்பகம்


கொட்டிவாக்கம்,
2 நவம்பர் 2024

என் அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கிளினிக்கில் வைத்துப் படித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தக் குழந்தையைத் தூக்க எனக்கும் கை இருந்தது அண்ணி. கூப்பிட்டிருந்தால் ரயில் ஏறியிருப்பேன். இப்போதும் வருகிறேன், ஒரு வார்த்தை போதும்.

ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. ஏன் நடந்தது என்றும் தெரியாது. அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒன்று மட்டும் தெரியும். நீங்கள் பாடவில்லை என்பதற்காக அவர் உங்களை விட்டுவிட்டார் என்று எவராவது சொன்னால், மூப்பராக இருந்தாலும் சட்டையைப் பிடித்துக் கேட்பேன். விடமாட்டார். கோபம் வருகிறது என்கிறீர்கள். யார்மேல் கோபம்? இல்லாத ஒருவர்மேலா? வேறு எங்கும் போகாமல் தினமும் அவர் முன்னால் மண்டியிட்டுத்தானே கோபப்படுகிறீர்கள். அந்நியர் வீட்டுக்குப் போய் யாரும் அப்படிக் கோபப்படமாட்டார்கள். நீங்கள் அவருடைய பிள்ளை. அன்றைக்கும் அவருடைய பிள்ளை, பாலம் உடைந்த அன்றைக்கும், பேசாமல் இருக்கிற இன்றைக்கும். இன்று இரவு உங்கள் உயிர் போனால் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். போகவேண்டாம், சும்மா சொல்கிறேன்.

இந்த இடம் வரை நேற்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு ராமானுஜம் மாமா வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன். மாமாவுக்கு என்ன தோன்றியதோ, வாக்கரைத் தள்ளி வைத்துவிட்டு ஹாலிலிருந்து பூஜை அறை வாசல் வரைக்கும் நடந்துவிட்டார். போய்ச் சேர்ந்ததும் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பிடிச்சுண்டுதான் வந்தியா?"

"மொதல்லேர்ந்தே பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன் மாமா."

"எப்போ பிடிச்சே? நேக்குத் தெரியவே இல்லையே."

பட்டையைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டேன். மாமி காபி கொண்டுவந்து இரண்டு தடவை கூப்பிட்டாளாம். பின்னால் நிற்கிறவள் எப்போது பிடித்தாள் என்று அவருக்குத் தெரியாது. அது தெரியாததால் அவர் விழுந்துவிடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தபோதும் பிடித்திருந்தேன், நம்பாமல் முனகியபோதும் பிடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து உங்களுக்கு எழுதிய பக்கத்தை எடுத்துப் படித்தேன். உங்களைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேன், ஒரு "நினைக்கிறேன்" இல்லை. உங்களுக்கு இவ்வளவு நிச்சயமாகச் சொன்னவள் எனக்கு ஏன் சொல்லிக்கொள்ளவில்லை? உங்கள் பாட்டு உங்களைக் காப்பாற்றவில்லை என்றால் என் தேதியும், நான் தூக்கிய கையும் என்னைக் காப்பாற்றவேண்டியதில்லை. இத்தனை வருடம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், சரியாகத் தூக்கினேனா, இறுக்கிப் பிடித்தேனா என்று. பிடித்திருப்பது அவர் அண்ணி. நம் இருவரையும்.

கண்ணீர் வந்தது. பிறகு பசி வந்தது. அம்மா சுட்ட தோசைகளை எண்ணாமல் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். ஜூனுக்குப் பிறகு அப்படித் தூங்கியதில்லை.

அண்ணனிடம் மாமா கதையைச் சொல்லாதீர்கள். அடுத்த ஞாயிறே பிரசங்கத்தில் வைத்துவிடுவான்.

கர்த்தருக்குள், யோசிக்காமல்,
எப்சி


கொட்டிவாக்கம்,
26 நவம்பர் 2024

என் அன்பு அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். அம்மா நலம், இன்று இரண்டு மடங்கு நலம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? பதில் எழுத அவசரமில்லை. உங்கள் மௌனத்தைக் கண்டு இனி பயப்படமாட்டேன்.

போன ஞாயிறு தி.நகர் போனேன். மழையில் தெருவெல்லாம் சேறு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கிதியோனின் அம்மா முன் வரிசையில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தார். அம்மா கடைசி நிமிஷம் வரை காதோரம் ஆழ்வார்பேட்டை தேதியை ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தாள்.

சற்குணம் ஐயா இந்தத் தடவை தேதியைக் கேட்கவில்லை. நேராக இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டார்.

"இன்னைக்கு ராத்திரி உயிர் போனா எங்கேம்மா இருப்பே?"

"அவரோட இருப்பேன் ஐயா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"எதை வெச்சு இவ்வளவு தைரியமா சொல்றே?"

"என்னை வெச்சு இல்ல ஐயா. என்னை வெச்சுச் சொன்னா பழையபடி நினைக்கிறேன்னுதான் சொல்லணும். எனக்காக மரிச்சவர் என்னைப் பிடிச்சிருக்கார், அவரை வெச்சுச் சொல்றேன். எப்போ பிடிச்சார்னு எனக்கு இப்பவும் தெரியாது. விடமாட்டார்னு தெரியும்."

என் குரல் நடுங்கவில்லை அண்ணி. அதுதான் எனக்கே ஆச்சரியம். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன முறை நீ ஒரு தேதி சொல்லியிருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன், தேதி சொல்லிவிட்டுக் கோட்டைவிட்டவர்களை இந்த மாடியில் நிறையப் பார்த்திருக்கிறேன் என்றார். பிறகு, "போய் உட்காரும்மா, அப்பம் பிட்கும்போது நீயும் எடுத்துக்கோ" என்றார். அவர்கள் திருவிருந்தில் நானும் எடுத்துக்கொண்டேன். கிதியோன் தன் வேதத்தைத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும், அந்தத் தேதிக்கு முன்னாலேயே என்னையும் பிடித்திருப்பார் இல்லையா என்று கேட்டார். பாயசத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றேன். அவருடைய அம்மாவே சிரித்துவிட்டார்.

ஜனவரி பதினெட்டில் நிச்சயதார்த்தம். நீங்கள் வரவேண்டும். பாடவேண்டாம். ஒரு வரிகூடப் பாடவேண்டாம். கோபத்தோடு வந்து என் பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

உங்கள்,
எப்சி


மலை விடுதி, ஒடிசா,
14 டிசம்பர் 2024

அடியே எப்சி,

நலம். இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன்.

உன் நவம்பர்க் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். நீ எனக்காக அவ்வளவு நிச்சயமாக எழுதியதை முதலில் நம்பவில்லை. தினம் ஒரு தடவை எடுத்துப் படித்தேன். எனக்கு நம்பிக்கை இல்லாத நாட்களில் உன்னுடையதைக் கடன் வாங்கிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்.

போன வாரம் டவுனுக்குப் போய் அம்மாவிடம் போனில் சொன்னேன். இன்னா சாமி என்று கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. "நீ நல்லா கீறியா? அத்த சொல்லு மொதல்ல" என்றாள். இருவரும் அழுதோம். ஜனவரியில் வரும்போது பெரும்பாக்கத்தில் இரண்டு நாள் தங்குவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை ஜெபத்தில் கரண்ட் போய்விட்டது. உன் அண்ணன் விளக்கு தேடப் போனார். பிள்ளைகள் இருட்டிலேயே பாட ஆரம்பித்தார்கள், அதுவும் நான் சொல்லிக்கொடுத்த பாட்டு. சுருதி எங்கேயோ போகிறது, தாளம் எங்கேயோ போகிறது. என் குணம் உனக்குத் தெரியுமே, எனக்குத் தாங்கவில்லை. இப்டியா பாடுவாங்கோ என்று வாயைத் திறந்தேன். பாட்டு வந்துவிட்டது.

துருப்பிடித்த கேட்டைத் திறந்ததுபோல் இருந்தது குரல். பிள்ளைகள் சிரித்தார்கள். நிறுத்தவில்லை. கோபம் முழுசாகப் போகவில்லை எப்சி, கோபத்தோடுதான் பாடினேன். அதையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். உன் அண்ணன் விளக்கோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு பாட்டு முடிந்தால் இன்னொன்று, அது முடிந்தால் இன்னொன்று, நான்கு மாதத்துப் பாட்டையும் சேர்த்துப் பாடித் தீர்த்தேன்.

இன்று உன் பொட்டலத்தைப் பிரித்துச் சித்தரத்தைக் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறேன். தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது.

ஜனவரிக்குள் சரியாகிவிடும்.

கர்த்தருக்குள்,
உன் அண்ணி செண்பகம்